அங்கன்வாடிக்கு வந்த கடல்

மாலை நேரம். அங்கன்வாடியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறது.

“இன்னைக்கு என்ன கண்ணு படிச்சே?” என்று அம்மா கேட்கிறாள்.

“விளையாடினேன்” என்கிறது பிள்ளை.

அடுத்த நாளும் அதே கேள்வி. அதே பதில்.

அம்மாவுக்குக் கவலை வந்துவிடுகிறது. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறது. நாலு வயதிலேயே ஏ, பி, சி, டி எழுதுகிறது. நம் பிள்ளையோ மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடுகிறது. நாம்தான் சின்ன வயதில் படிக்காமல் போனோம். நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடுமோ?’

இந்தக் கவலை நம்மில் பலருக்கும் உண்டு. படிக்காததன் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். அதனால் பிள்ளை சீக்கிரம் எழுதவேண்டும் என்று அவசரப்படுகிறோம்.

ஆனால் அங்கன்வாடியில் நடப்பது வெறும் விளையாட்டுதானா? விளையாட்டில் படிப்பு இருக்கிறதா? பார்ப்போம்.

கடற்கரையில் தொடங்கிய பள்ளி

மகாராஷ்டிர மாநிலத்தில் போர்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அரபிக் கடலின் கரையில் உள்ள சிற்றூர். 1945ஆம் ஆண்டு தாராபாய் மோடக் என்ற அம்மையார் அங்கே வந்தார். கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற ஆசிரியை அவருக்குத் துணையாக வந்தார்.

அந்தக் காலத்தில் சிறு குழந்தைகளுக்கான பள்ளிகள் நகரத்தில்தான் இருந்தன. பணக்காரர் வீட்டுக் குழந்தைகள்தான் அங்கே போனார்கள். விளையாட்டுச் சாமான்களின் விலையும் அதிகம். கிராமத்துக்கு அது கட்டுபடி ஆகுமா?

தாராபாய் சுற்றிலும் பார்த்தார். கடற்கரையில் சிப்பி கிடந்தது. கூழாங்கல் கிடந்தது. மரத்தடியில் விதையும் இலையும் கிடந்தன. அவற்றையே பாடச் சாமான் ஆக்கினார். சிப்பியை வைத்து எண்ணச் சொல்லித் தந்தார்கள். கல்லை வைத்துப் பெரிது, சிறிது சொல்லித் தந்தார்கள். செலவே இல்லை.

அந்தப் பகுதியில் ஆதிவாசி மக்கள் அதிகம். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ‘பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், பள்ளி பிள்ளையிடம் போகட்டும்’ என்று இவர்கள் முடிவு செய்தார்கள். ஆதிவாசிகள் வாழும் இடத்துக்கே போய், வீட்டு முற்றத்தில் குழந்தைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார்கள். 1957இல் பக்கத்தில் உள்ள கோஸ்பாட் மலைப் பகுதிக்குப் போய் அங்கேயும் வேலை செய்தார்கள்.

தமிழ்நாட்டில் பலர் இன்றும் பால்வாடி என்று சொல்கிறோம். ‘பால்’ என்றால் குழந்தை. ‘வாடி’ என்றால் தோட்டம். ‘அங்கன்’ என்றால் முற்றம். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் தாராபாயும் அனுதாயும் செய்த வேலை இருக்கிறது.

1975 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 33 இடங்களில் மட்டும் நடந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன.

போர்டியில் சிப்பி பொறுக்கிப் படித்தார்கள் அல்லவா? நாமும் கடலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் கடலைப் பற்றிப் பாடம். டீச்சர் எப்படி நடத்தலாம்? பிள்ளைகள் என்ன கற்கும்? கடல் இல்லாத ஊரிலும் இந்தப் பாடம் நடத்தலாம். உப்பு இல்லாத வீடு உண்டா?

முதல் நாள்: உப்புத் தண்ணீர்

டீச்சர் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைக்கிறார். ஒன்றில் முட்டையை மெதுவாகப் போடுகிறார். முட்டை அடியில் போய் உட்காருகிறது.

அடுத்த டம்ளரில் பிள்ளைகள் உப்புப் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சிறு கரண்டி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போடுகிறார்கள். நன்றாகக் கலக்குகிறார்கள். நாலைந்து கரண்டி போட்ட பிறகு முட்டையை அதில் விடுகிறார்கள். முட்டை மிதக்கிறது! இன்னும் மிதக்கவில்லையா? மேலும் ஒரு கரண்டி போட்டால் மிதக்கும்.

பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். “ஏன் டீச்சர்?” என்று கேட்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. அதற்குத் தூக்கும் சக்தி அதிகம். அதனால் முட்டையைத் தூக்குகிறது. ஆற்றைவிடக் கடலில் படகு சற்று மேலே மிதப்பதும் இதனால்தான்.

பிறகு ஓர் அகலமான தட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். தினமும் போய்ப் பார்க்கிறார்கள். தண்ணீர் குறைகிறது. இரண்டு மூன்று நாளில் காய்ந்து போகிறது. தட்டில் வெள்ளையாக உப்பு நிற்கிறது. உப்பளத்தில் நடப்பதும் இதுதான். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் நாட்டு உப்பில் பெரும் பகுதி குஜராத்தில் இப்படித்தான் விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் விளைகிறது.

இதில் என்ன படிப்பு? பிள்ளை எண்ணக் கற்றது. இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தது. காத்திருந்து கவனித்தது. ‘ஏன்?’ என்று கேட்டது. விஞ்ஞானத்தின் முதல் பாடமே இந்தக் கேள்விதான்.

இரண்டாம் நாள்: சிப்பியும் சங்கும்

டீச்சர் ஒரு கூடை நிறையச் சிப்பி, சங்கு, சோழி கொண்டு வருகிறார். தரையில் கொட்டுகிறார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று சொரசொரப்பாக இருக்கிறது. ஒன்று வழவழப்பாக இருக்கிறது. சங்கைக் காதில் வைத்தால் ‘ஓ’ என்று சத்தம் கேட்கிறது.

இப்போது பிரிக்க வேண்டும். சிப்பி ஒரு பக்கம். சங்கு ஒரு பக்கம். சோழி ஒரு பக்கம். பிறகு சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்க வேண்டும்.

“இது கல்லா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்கும். இல்லை. இது ஓர் உயிரின் வீடு. உள்ளே மெத்தென்ற உடம்போடு ஓர் உயிர் வாழ்ந்தது. அது தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டது. அது வளர வளர வீடும் வளர்ந்தது. அது இறந்த பிறகு வீடு கரை ஒதுங்கியது.

ஒரு வகை நண்டு இருக்கிறது. அதன் பின் உடம்புக்கு ஓடு இல்லை. காலியான சங்கைத் தேடி அதற்குள் குடியேறும். உடம்பு பெருத்தால் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும். நாம் வாடகை வீடு மாறுவது போலத்தான். அதனால் கடற்கரைக்குப் போனால் எல்லாச் சங்கையும் அள்ளி வரக்கூடாது. உயிர் உள்ள சங்கைத் தொடவே கூடாது. சில சங்குகள் கொட்டும். அந்த விஷம் ஆளையே கொல்லும்.

சிப்பியை எடுத்து அடுக்கும்போது பிள்ளையின் விரல்களுக்குப் பலம் வருகிறது. நாம் பெரியவர்களான பிறகு எழுதப் பழகினோமே, முதல் நாள் நினைவிருக்கிறதா? பென்சில் பிடித்த கை எப்படி வலித்தது! மூன்று வயதுப் பிள்ளையின் விரல் இன்னும் பிஞ்சு. முதலில் மண் பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், சிப்பி அடுக்க வேண்டும். விரல் பழகிய பிறகு எழுத்து சுலபமாக வரும்.

மூன்றாம் நாள்: மீன் எப்படி மூச்சு விடுகிறது?

இன்று டீச்சருக்கு ஓர் அம்மா உதவிக்கு வருகிறார். கையில் ஒரு முழு மீன்.

இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாக யார் நடத்த முடியும்? சந்தையில் மீன் வாங்கும்போது என்ன செய்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவப்பாக இருந்தால் நல்ல மீன். வெளுத்திருந்தால் பழைய மீன். இது நமக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை.

அந்தச் செவுள்தான் மீன் மூச்சு விடும் உறுப்பு. மீன் வாய் வழியாகத் தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் செவுள் வழியாக வெளியே போகிறது. தண்ணீரில் கலந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளில் ஓடும் ரத்தம் எடுத்துக்கொள்கிறது. ரத்தம் நிறைய ஓடுவதால்தான் செவுள் சிவப்பாக இருக்கிறது.

அம்மா செவுளை விரித்துக் காட்டுகிறார். சீப்பின் பல் போல இருக்கிறது. செதிலைச் சுரண்டிக் காட்டுகிறார். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை எடுத்துக் காட்டுகிறார். பலூன் போல இருக்கிறது. பல மீன்கள் இந்தப் பையில் உள்ள காற்றைக் கூட்டியும் குறைத்தும் தண்ணீருக்குள் மேலும் கீழும் விழுந்துவிடாமல் நிற்கின்றன.

மீன் வேண்டாம் என்பவர்கள் படத்தைக் காட்டலாம். குளத்து மீனைக் கரையில் நின்று பார்க்கலாம்.

பிள்ளைகள் மீனின் பாகங்களுக்குப் பெயர் கற்றார்கள். புதிய சொற்கள் வந்தன. இன்னொன்றும் நடந்தது. ‘என் அம்மாவுக்கு இவ்வளவு தெரியும்’ என்று ஒரு பிள்ளை பெருமைப்பட்டது.

நான்காம் நாள்: திமிங்கலம் எவ்வளவு பெரியது?

‘பெரியது, மிகப் பெரியது’ என்று வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. அதனால் டீச்சர் ஒரு நீளமான கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். கயிற்றின் நீளம் 30 மீட்டர். அதாவது ஏறக்குறைய 100 அடி.

ஒரு பிள்ளை ஒரு முனையைப் பிடிக்கிறது. டீச்சர் மறு முனையைப் பிடித்து நடக்கிறார். நடந்துகொண்டே போகிறார். அங்கன்வாடியைத் தாண்டி, வேப்ப மரத்தைத் தாண்டிப் போகிறார். நீலத் திமிங்கலம் இவ்வளவு நீளம் வரை வளரும். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு. உலகத்திலேயே மிகப் பெரிய விலங்கு அதுதான். ஆனால் அது தின்பது கூனி இறால் போன்ற மிகச் சிறிய உயிர்களை!

திமிங்கலம் மீன் அல்ல. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரல் இருக்கிறது. மூச்சு விட மேலே வர வேண்டும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

பிறகு விளையாட்டு. “மீன் போல நீந்துங்க” என்கிறார் டீச்சர். பிள்ளைகள் இடமும் வலமும் உடம்பை ஆட்டுகிறார்கள். மீனின் வால் அப்படித்தான் ஆடும். “திமிங்கலம் போல நீந்துங்க” என்கிறார். இப்போது மேலும் கீழும் ஆட்டுகிறார்கள். திமிங்கலத்தின் வால் மேலும் கீழும்தான் அடிக்கும்.

மீனுக்கும் திமிங்கலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளை உடம்பாலேயே தெரிந்துகொண்டது. இனி மறக்காது.

ஐந்தாம் நாள்: ஆமை முட்டை

ஒரு பெட்டியில் மணல். அதில் ஒரு பள்ளம். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய மொச்சைக் கொட்டை. அதுதான் ஆமை முட்டை. களிமண்ணில் செய்த ஆமையும் இருக்கிறது.

டீச்சர் கதை சொல்கிறார். ஒடிசா மாநிலத்தில் கஹிர்மாதா, ருஷிகுல்யா என்று இரண்டு கடற்கரைகள் உண்டு. அங்கே பங்குனி ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும். 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் வந்தன.

தாய் ஆமை இரவில் கரைக்கு ஏறும். பின்னங்காலால் மணலைத் தோண்டும். சுமார் 100 முட்டை இடும். மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். வெயிலின் சூட்டில் முட்டை தானே பொரியும். அதற்கு 45 முதல் 60 நாள் ஆகும்.

பிள்ளைகள் பத்துப் பத்தாக மொச்சையை எண்ணுகிறார்கள். பத்துக் குவியல் சேர்ந்தால் நூறு. எல்லாவற்றையும் பள்ளத்தில் போட்டு மூடுகிறார்கள்.

குஞ்சுகள் இரவில் வெளியே வரும். கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? வெளிச்சத்தைப் பார்த்துப் போகும். இருட்டில் கடலின் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் ஊரில் பெரிய மின்விளக்கு எரிந்தால் குஞ்சுகள் ஏமாந்து ஊருக்குள் வந்துவிடும். நாய் பிடிக்கும். காகம் கொத்தும். வண்டியில் அடிபடும். அதனால்தான் ருஷிகுல்யா பக்கத்துக் கிராமத்து மக்கள் குஞ்சு வரும் நாட்களில் காவல் இருக்கிறார்கள். வழி தவறிய குஞ்சுகளை எடுத்துக் கடலில் விடுகிறார்கள்.

கடைசியாக ஒரு தொட்டித் தண்ணீர். அதில் இலைகளை மிதக்க விடுகிறார்கள். அவைதான் மீன்கள். கூடவே கிழிந்த பிளாஸ்டிக் பைகளையும் போடுகிறார்கள். பிள்ளைகள் வடிகட்டியால் மீன் பிடிக்கிறார்கள். மீனோடு குப்பையும் வருகிறது.

தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை சொறிமீன் போலத் தெரியும். ஆமை அதைத் தின்றுவிடும். வயிறு அடைத்துச் செத்துப்போகும். கடலில் சேரும் குப்பையில் ஊர்க் குப்பையும் உண்டு. நாம் வாய்க்காலில் எறியும் பை ஆற்றுக்குப் போகும். ஆறு அதைக் கடலில் சேர்க்கும். கடலே பார்க்காத ஊருக்கும் இதில் பங்கு உண்டு.

அன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வரும். அப்பா வாய்க்காலில் பை எறிந்தால், “போடாதப்பா, ஆமை செத்துப்போகும்” என்று சொல்லும்.

நாம் என்ன செய்யலாம்?

அங்கன்வாடி டீச்சருக்கு வேலை அதிகம். பிள்ளைகளை எடை போட வேண்டும். சாப்பாடு கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் பாடமும் நடத்துகிறார். சில அங்கன்வாடிகளில் சாப்பாட்டோடு எல்லாம் முடிந்துபோகிறது. அங்கே நாம் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. கை கொடுக்கவும் வேண்டும்.

பழைய பாட்டில், நூல் கண்டு, விதை, சிப்பி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். அம்மாக்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போகலாம். மீன் பிடிப்பவர், வலை பின்னுபவர், பானை செய்பவர், விவசாயி, எல்லாரும் ஒரு நாள் போய்த் தங்கள் வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கவனம் வேண்டிய விஷயங்களும் உண்டு. சின்னச் சிப்பியையும் மொச்சையையும் பிள்ளை வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிள்ளையைத் தனியாக ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. விளையாடி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எழுத்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுத்துக்கு நேரம் வரும். 2020ஆம் ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையும், சிறு குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகவே கற்றுத்தர வேண்டும் என்கிறது. ஆமையைப் பற்றிப் பேசிய பிள்ளைக்கு ‘ஆ’ என்ற எழுத்து ஒரு நாள் சுலபமாக வரும். அந்த எழுத்துக்குள் ஓர் ஆமை இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

நாளை மாலை பிள்ளை வீட்டுக்கு வரும்போது, “என்ன படிச்சே?” என்று கேட்க வேண்டாம். “என்ன விளையாடினே? எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை முட்டையும் உப்பும் கேட்கும். எடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

பேசுவோம், செய்வோம்

1. உங்கள் ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு என்னென்ன விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன? போய்ப் பார்த்து எழுதுங்கள்.

2. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவீர்கள்?

3. வீட்டில் தட்டில் உப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். எத்தனை நாளில் காய்ந்தது என்று குறித்து வையுங்கள்.

4. ஆமை பற்றிய பகுதியை உங்கள் பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.